மீட்பும் கொடையும்: மெக்சிகப் புரட்சிக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தமும் உழவர் போராட்டங்களும்

ஆய்வுச் சுருக்கம்

1910இல் தொடங்கிய மெக்சிகப் புரட்சியின் பயனாக, அடுத்த எண்பது ஆண்டுகளில் அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி உழவர் சமூகங்களின் கைக்கு வந்தது. எவ்வளவு நிலம் வந்தது என்பதைப் போலவே, அது எந்தச் சட்டப் பெயரில் வந்தது என்பதும் முதன்மையான வினாவாகும். பறிபோன நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையாளராக உழவர் தம்மைக் கருதினர். அரசோ அவர்களைக் கொடை வேண்டும் விண்ணப்பதாரராக ஆக்கியது. ‘மீட்பு’, ‘கொடை’ என்னும் இரு சட்டக் கருத்தாக்கங்களுக்கிடையே நிகழ்ந்த இம்மாற்றத்தையும், அதன் வழியே புரட்சிக்குப் பின்னும் உழவர் போராட்டங்கள் ஓயாது தொடர்ந்த காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெக்சிகப் புரட்சி, எஹிதோ, அயாலா திட்டம், 27ஆம் பிரிவு, சபாத்தா, கார்தெனாஸ், உழவர் போராட்டம்.

முன்னுரை

1909 செப்டம்பரில், மெக்சிகோவின் மொரேலோஸ் மாநிலத்தைச் சேர்ந்த அனெனெகுயில்கோ என்னும் சிற்றூரின் மக்கள் கூடி, முப்பது வயதான எமிலியானோ சபாத்தாவை ஊரவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பொறுப்பிலிருந்து விலகிய முதியவர் அவரிடம் ஒப்படைத்தவற்றுள் முதன்மையானவை ஊரின் பழைய ஆவணங்கள். ஸ்பானியர் ஆட்சிக்கால நிலவரைபடங்களும் உரிமைப் பத்திரங்களும் அவற்றுள் இருந்தன. சில பகுதிகள் நாகுவாத் மொழியில் இருந்தமையால் படித்துப் பொருள் சொல்ல வெளியே ஆள் தேட வேண்டியிருந்தது. சபாத்தாவும் ஊர்ச் செயலாளர் பிரான்சிஸ்கோ பிராங்கோவும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுப் பல நாள் அவற்றில் மூழ்கிக் கிடந்தனர். பின்னர்ப் போர் மூண்டபோது அவ்வாவணப் பெட்டியைக் காக்கும் பணியைச் சபாத்தா பிராங்கோவிடமே விட்டார். 1940களில் ஹெசூஸ் சொத்தேலோ இன்க்ளான் சபாத்தாவின் ஊரைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்த ஆவணங்களே அடித்தளமாயின.

இந்நிகழ்ச்சியை முதலிற் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மெக்சிகப் புரட்சி நிலமற்றோர் நிலம் கேட்டெழுந்த கிளர்ச்சியென்று பொதுவாகக் கூறப்படுகிறது. இது பிழையன்று; ஆனால் முழுமையுமன்று. மொரேலோஸ் ஊரார் தம்மை நிலமற்றவராகக் கருதவில்லை. நிலம் தம்முடையது, அதற்குச் சான்று பெட்டியில் இருக்கிறது, அதைப் பிறர் வளைத்துக்கொண்டனர் என்பதே அவர்தம் நிலைப்பாடு. புதிய உரிமையைப் படைப்பதற்கும் பழைய உரிமையை நிலைநாட்டுவதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு, புரட்சிக்குப் பின் வந்த சட்டங்களைப் படிக்கும்போது பெரிதும் உதவுகிறது.

ஊர்நிலம் பறிபோன வகை

ஸ்பானியர் ஆட்சியில் பூர்வகுடி ஊர்கள் பலவற்றுக்குப் பொதுநிலம் சட்டப்படி உறுதி செய்யப்பட்டிருந்தது. குடியிருப்பு நிலம், குடும்பங்கள் பகிர்ந்து உழும் நிலம், ஊர்ச்செலவுக்கு வருவாய் தரும் நிலம், மேய்ச்சலுக்கும் விறகுக்குமான பொதுவெளி என அது பலவகைப்பட்டது. இவற்றுள் இறுதியாகச் சொன்ன பொதுவெளிக்கே ‘எஹிதோ’ என்று பெயர். ‘வெளியேறும் வழி’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் அமைந்த மேய்ச்சல் நிலம் என்பது கருத்து. இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் இதே சொல்லை எடுத்து முற்றிலும் வேறான பொருளில் ஆண்டன என்பதைப் பின்னர்க் காண்போம்.

1856 ஜூன் மாதத்தில் தாராளவாத அரசு இயற்றிய லெர்தோ சட்டம், திருச்சபையும் பிற கூட்டமைப்புகளும் நிலவுடைமை வைத்திருப்பதைத் தடை செய்தது. திருச்சபையின் செல்வத்தைக் குறிவைத்த இச்சட்டம், ஊர்ப் பொதுநிலங்களையும் அதே வலையில் வீழ்த்தியது. பொதுநிலம் தனித்தனி உழவருக்குப் பட்டாவாகப் பிரிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில், எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்குக் கிடைத்த துண்டுநிலம் கடனுக்கும் வஞ்சகத்துக்கும் எளிதில் இரையாயிற்று.

போர்ஃபிரியோ தியாஸின் நீண்ட ஆட்சிக்காலத்தில் (1876–1911, இடையில் 1880 முதல் 1884 வரை நீங்கலாக) மற்றொரு கருவி சேர்ந்தது. உரிமையாளர் இல்லாத தரிசு நிலங்களை அளக்கத் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி தரப்பட்டது; அளந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவற்றுக்குக் கூலியாக வழங்கப்பட்டது. பத்திரம் காட்ட இயலாத ஊர்களின் நிலம் தரிசு எனப் பதிவாவதே இந்நிறுவனங்களுக்கு ஆதாயம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இருப்புப்பாதைகள் வந்தன, சர்க்கரைக்கும் பருத்திக்கும் சந்தை விரிந்தது, நிலத்தின் விலை ஏறியது. மொரேலோஸில் கரும்புப் பண்ணைகள் ஊர்களின் வயல்களையும் நீரையும் அடுத்தடுத்து விழுங்கின. அனெனெகுயில்கோவின் வயல்களைப் பக்கத்துப் பண்ணை 1910இல் வளைத்து வேற்றூராருக்குக் குத்தகைக்கு விட்டபோது, சபாத்தா ஆயுதம் தாங்கிய ஊராருடன் சென்று அவற்றைத் திரும்பக் கைக்கொண்டார். அப்போது மதேரோவின் புரட்சி இன்னும் தொடங்கவில்லை.

அயாலா திட்டம்: மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

பிரான்சிஸ்கோ மதேரோ 1910 அக்டோபர் நாளிட்டு வெளியிட்ட சான் லூயிஸ் பொத்தோசி திட்டம் அரசியல் சீர்திருத்தத்தையே நோக்கமாகக் கொண்டது. தரிசுநிலச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்திப் பறித்த நிலங்களைத் திருப்பியளிக்க வகைசெய்யும் ஒரு பத்தி அதில் இருந்தது. அந்த ஒரு பத்திக்காகவே மொரேலோஸ் ஊரார் புரட்சியில் சேர்ந்தனர். தியாஸ் 1911 மே மாதம் பதவி துறந்தார். அதன்பின் மதேரோ ஊராரை ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, நிலச்சிக்கலைச் சட்டவழியில் பொறுமையாகத் தீர்க்கலாம் என்றார். அவ்வாண்டு நவம்பரில் சபாத்தாவும் பள்ளி ஆசிரியர் ஒத்திலியோ மொந்தான்யோவும் உருவாக்கிய அயாலா திட்டம் வெளிவந்தது.

இத்திட்டத்தின் ஆறாம், ஏழாம், எட்டாம் கூறுகள் நிலம் பற்றியவை. ஏழாம் கூறு, பெருநிலங்களில் மூன்றில் ஒரு பங்கை இழப்பீடு கொடுத்து எடுத்து, நிலமற்ற ஊர்களுக்கும் குடிகளுக்கும் வழங்கச் சொல்கிறது. எட்டாம் கூறு, திட்டத்தை எதிர்க்கும் நிலக்கிழாரின் எஞ்சிய இரு பங்கையும் பறிமுதல் செய்து, போரில் இறந்தோரின் மனைவியர்க்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை அளிக்கச் சொல்கிறது. இவை இரண்டும் பிற நாட்டுச் சீர்திருத்தங்களிலும் காணத்தக்கவை. இழப்பீட்டை ஒப்புக்கொள்ளும் மிதவாதத்தன்மையும் ஏழாம் கூறில் உண்டு.

ஆறாம் கூறே தனித்தன்மை வாய்ந்தது. உரிமைப் பத்திரம் உடைய ஊர்களும் குடிகளும் தம் நிலங்களை உடனே கைக்கொள்ளலாம். ஆயுதம் தாங்கியேனும் அவற்றைக் காத்துக்கொள்ளலாம். தமக்கே உரிமை உண்டென்று கருதும் பண்ணையார் புரட்சி வென்றபின் அமையும் சிறப்பு நீதிமன்றங்களில் வந்து வழக்காடலாம் என்கிறது அது. இங்கு மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. அதுவரை ஊரார் வழக்கு தொடுத்தனர், பண்ணையார் நிலத்தில் இருந்தனர். இனி ஊரார் நிலத்தில் இருப்பர், பண்ணையார் வழக்கு தொடுக்கட்டும். நிலத்தை எவரும் எவருக்கும் வழங்குவதில்லை. நிலச் சீர்திருத்த வரலாற்றில் இத்துணைச் சிறிய சொல்லமைப்பில் இத்துணைப் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்த ஆவணங்கள் மிகச் சிலவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1914இன் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக்காலம் மொரேலோஸில் இத்திட்டம் நடைமுறைக்கும் வந்தது. புரட்சிப் பேரவை அரசின் வேளாண் அமைச்சராகிய மனுவேல் பலாஃபோக்ஸ், தேசிய வேளாண் பள்ளி மாணவர்களை நில அளவைக்கு அனுப்பினார். ஊர்களின் பழைய எல்லைகளை அவர்கள் முதியோர் சொற்படியும் ஆவணப்படியும் வரைந்தனர். கல்லும் மரமும் ஓடையும் எல்லைகளாயின. கரும்பாலைகள் அரசுடைமையாயின. ஆலை ஓடினால் பணம் புழங்கும் என்பதால் கரும்பு பயிரிடுமாறு சபாத்தா வற்புறுத்தினார். ஊராரோ மக்காச்சோளமும் அவரையும் விதைத்தனர். பண்ணையின் பயிரை விடுத்துத் தம் உணவை விளைவித்துக்கொள்வதே அவர்களுக்கு விடுதலையாகத் தோன்றியிருக்க வேண்டும். கர்ரான்சாவின் படைகள் 1916இல் மாநிலத்தில் புகுந்தபோது இவ்வொழுங்கு சிதைந்தது.

1915 சட்டமும் அரசமைப்பின் 27ஆம் பிரிவும்

சபாத்தாவின் எதிரணியில் நின்ற வெனுஸ்தியானோ கர்ரான்சா ஒரு நிலக்கிழார். 1915 தொடக்கத்தில் அவர் தலைநகரை இழந்து வெராக்ரூஸ் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தார். உழவரைத் தம் பக்கம் ஈர்க்க வேண்டிய நெருக்கடியில், லூயிஸ் கப்ரெரா வரைந்த நிலச்சட்டத்தை ஜனவரி 6 அன்று பிறப்பித்தார். கப்ரெரா 1912 டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் இதற்கான வாதத்தை முன்வைத்திருந்தார். பண்ணைக்கூலி ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை, எஞ்சிய மாதங்களில் பிழைக்க ஊர்ப்பொதுநிலம் இல்லையெனில் உழவர் துப்பாக்கி ஏந்திச் சபாத்தாவிடம் சேர்வார் என்பது அவ்வாதத்தின் சாரம். அவர் கருத்தில் ஊர்நிலம் என்பது கூலிக்குத் துணையாகும் துண்டுநிலமே. கூலியிலிருந்து விடுபடும் வழியன்று.

1915 சட்டம் ஊர்களுக்கு இரு வழிகளைத் திறந்தது. பறிக்கப்பட்டதை ஆவணத்தால் மெய்ப்பிக்கும் ஊருக்கு நிலம் ‘மீட்பாக’த் திரும்பும். மெய்ப்பிக்க இயலாத ஊர் தன் தேவையைக் காட்டிக் ‘கொடை’ வேண்டலாம். அதற்கான நிலத்தை அரசு அண்டைப் பண்ணைகளிலிருந்து எடுத்து வழங்கும். இரண்டிலும் ஊரார் ஆளுநரிடமோ படைத்தலைவரிடமோ மனுச்செய்ய வேண்டும். வட்டார ஆணையம் ஆராய வேண்டும். தேசிய ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். இறுதியாக நாட்டின் தலைமை ஒப்பமிட வேண்டும். அயாலா திட்டத்தில் இடம் மாறியிருந்த மெய்ப்பிக்கும் பொறுப்பு இங்கு மீண்டும் ஊராரின் தோளில் ஏறிவிட்டது.

1917 பிப்ரவரி 5 அன்று கெரேதாரோ நகரில் அறிவிக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1915 சட்டத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதன் 27ஆம் பிரிவு, நாட்டெல்லைக்குட்பட்ட நிலமும் நீரும் மூலத்தில் தேசத்துக்கே உரியவை என்றும், தனியுடைமை என்பது தேசம் பிறருக்கு மாற்றித் தந்த உரிமையே என்றும் வரையறுத்தது. இதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட அந்திரேஸ் மொலினா என்ரீக்கெஸ், ஸ்பானிய மன்னருக்கு இருந்த மூல உரிமை விடுதலைக்குப் பின் தேசத்துக்கு வந்து சேர்ந்தது என்று வாதிட்டவர். பெருநிலங்களை உடைக்கவும், கனிமத்தையும் எண்ணெயையும் நாட்டுடைமையாக்கவும் இப்பிரிவு வலுவான சட்ட அடித்தளம் அளித்தது. 1938இல் எண்ணெய்த்தொழில் நாட்டுடைமையானது இதன் வலிமையினாலேயே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மூல உரிமை தேசத்துடையதாயின் ஊரின் உரிமையும் தேசம் தந்ததே ஆகிவிடும். நம் கல்வெட்டுகளிற் பல, கொடை பெற்றவரைக் கூறுமுன் கொடுத்த மன்னனின் மெய்க்கீர்த்தியைப் பாடுகின்றன. மெக்சிகோவின் நிலக்கொடை ஆணைகளையும் அவ்வாறே படிக்கத் தோன்றுகிறது. அவற்றுக்கு உயிர் தந்தது குடியரசுத் தலைவரின் ஒப்பம்.

மீட்பு வழக்குகள் வெற்றி பெற்றது அரிது. ஆவணங்கள் எரிந்துபோயிருந்தன, அல்லது மூலப்படி தலைநகர்க் காப்பகத்தில் கிடந்தது, அல்லது எல்லைக் குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆவணத்தின் மெய்ம்மையை வல்லுநர் உறுதி செய்தாக வேண்டும். மீட்பு கேட்டுத் தோற்கும் ஊரின் மனுவைக் கொடை மனுவாக மாற்றி நடத்தப் பின்வந்த விதிகள் இடமளித்தன. நிலம் கிடைத்தால் போதும் என்ற ஊர்கள் அவ்வழியே சென்றன. இறுதிக் கணக்கில் மீட்பாகத் திரும்பிய நிலம் மிகச் சிறு பங்கே. பெரும்பகுதி கொடையாகவே வந்தது. சபாத்தாவின் அனெனெகுயில்கோவும் 1920களில் கொடை வழியாகவே நிலம் பெற்றது. சபாத்தா அப்போது உயிருடன் இல்லை. 1919 ஏப்ரல் 10 அன்று சினமேகா பண்ணையின் வாயிலில் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

விண்ணப்பத்தின் நெடுவழி

கொடை மனு அரசிதழில் வெளியானவுடன், அண்டைப் பண்ணையாருக்கு எவ்வூர் மனுச்செய்தது, யார் முன்னின்றார் என்பது தெரிந்துவிடும். அதன்பின் குடிக்கணக்கு, நில அளவை, ஆளுநரின் தற்காலிக ஆணை, தேசிய ஆணையத்தின் ஆய்வு, இறுதி ஆணை எனப் பல ஆண்டுகள் கடக்கும். இவ்விடைவெளியில்தான் போராட்டத்தின் பெரும்பகுதி நிகழ்ந்தது.

பண்ணையார் கையாண்ட வழிகள் பலவகைப்பட்டன. ‘அம்பாரோ’ எனப்படும் அரசமைப்புப் பாதுகாப்பு வழக்கின் வாயிலாக ஆணைகளுக்குத் தடை பெற்றனர். இவ்வாய்ப்பு 1930களின் தொடக்கத்தில்தான் அடைக்கப்பட்டது. உச்சவரம்பு வரும் முன்பே நிலத்தை மனைவி, மக்கள், மருமக்கள் பெயரில் பிரித்து எழுதினர். இந்த வித்தை நமக்கும் புதிதன்று. ‘வெண்காவலர்’ எனப்பட்ட கூலிப்படைகள் மனுவில் முன்னின்றோரை அச்சுறுத்தின, கொன்றன. கொடுக்கப்படும் நிலம் களவுப்பொருள், அதைப் பெறுவது பாவம் என்று பாதிரியார் பலர் அறிவுரைத்தனர். இறையச்சம் மிக்க உழவருக்கு இது சிறிய தடையன்று.

மனுச்செய்யும் தகுதியையும் சட்டமே குறுக்கியது. ஊர், குடியிருப்பு என்னும் தகுதியுடைய சமூகங்களே மனுச்செய்யலாம். பண்ணைக்குள்ளேயே குடிசையிட்டு, பண்ணைக் கடையில் கடன்பட்டு, தலைமுறைகளாக உழைத்த பண்ணையாட்களுக்கு அத்தகுதி இல்லை. மிகவும் ஒடுக்கப்பட்டிருந்த இப்பிரிவினர்க்கு 1934ஆம் ஆண்டு நிலச் சட்டத்தொகுப்பே வரம்புக்குட்பட்ட இடமளித்தது. முழு உரிமை கிடைக்க மேலும் சில ஆண்டுகளாயின. மீட்பு என்னும் கருத்தின் குறையும் இங்கு வெளிப்படுகிறது. பழைய ஊர், பழைய ஆவணம் என்பவற்றை அளவுகோலாகக் கொண்டால், ஊரும் ஆவணமும் இல்லாத பண்ணையாள் எதை மீட்பார்? கொடை வழியே அவருக்கு எஞ்சிய வழி. ஆகவே மீட்பு உயர்ந்தது, கொடை தாழ்ந்தது என எளிதில் தீர்ப்புரைக்க இயலாது.

பெண்களின் நிலையும் இத்தகையதே. கைம்பெண்ணாகவோ குடும்பம் தாங்கும் தனிப்பெண்ணாகவோ இருந்தாலன்றிப் பெண் எஹிதோ உறுப்பினராக இயலவில்லை. ஆணுக்கு நிகரான உரிமையை 1971ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது.

கொடையைப் பெற்றவர் உடைமையாளரும் ஆகவில்லை. புதிய எஹிதோவில் உழவருக்கு இருந்தது அனுபவ உரிமை மட்டுமே. விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. தொடர்ந்து இரண்டு ஆண்டு உழாமல் விட்டால் உரிமை பறிபோகும். பழைய மேய்ச்சல் வெளியைச் சுட்டிய சொல், இப்போது அரசு வரையறுத்த உழவர் அமைப்பொன்றின் பெயராயிற்று.

படைக்கலமும் கடப்பாடும்

1920களில் நிலத்துக்குப் போராடிய உழவர் ‘அக்ரரிஸ்தா’ எனப்பட்டனர். மிச்சோவாகான் மாநிலத்தின் நரான்ஹா ஊரைச் சேர்ந்த பிரிமோ தாபியா இவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் கூலியாகப் பணிபுரிந்து, புளோரெஸ் மகோன் உடன்பிறப்பாளரின் அரசின்மைக் கொள்கையாளரோடு பழகித் திரும்பிய இவர், சதுப்பு ஏரி வடிக்கப்பட்டதால் தம் வாழ்வாதாரத்தை இழந்த பூர்வகுடி ஊர்களை ஒன்றிணைத்தார். 1922இல் மாநில உழவர் சங்கத்தை அமைத்தார். நரான்ஹாவுக்கு நிலம் கிடைத்தது. 1926 ஏப்ரலில் தாபியா படையினரால் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்குப் பின் கொல்லப்பட்டார். புரட்சி அரசின் படையே இதைச் செய்தது.

வெராக்ரூஸில் நிலைமை வேறு. அங்கு ஆளுநர் அதல்பெர்த்தோ தெஹேதா ஆதரவளித்தார். உர்சுலோ கல்வான் முதலியோர் தலைமையில் 1923இல் அமைந்த உழவர் சமூகச் சங்கம் விரைந்து வளர்ந்தது. இந்தியர் ஒருவரும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையவர். கதர் இயக்கத்தைச் சேர்ந்த பாண்டுரங்க கான்கோஜே, சாப்பிங்கோ வேளாண் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, உழவர் சங்கங்களின் துணையுடன் கட்டணமற்ற வேளாண் பள்ளிகளை ஊர்களில் நிறுவினார்.

1923–24இல் தெ லா உவெர்த்தா தலைமையில் படைத்தலைவர் பலர் கிளர்ந்தபோது, ஒப்ரெகோன் அரசைக் காக்க அக்ரரிஸ்தாக்கள் துப்பாக்கி ஏந்தினர். 1926 முதல் 1929 வரை நீடித்த கிறிஸ்தேரோ போரில், திருச்சபையின் பொருட்டு எழுந்த உழவரை எதிர்த்து அரசு இவர்களையே துணைப்படையாக நிறுத்தியது. உழவரை உழவர் கொன்ற இப்போரைச் சமயம் ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. நிலம் தந்தவர் அழைத்தால் படைக்குச் செல்வது என்பது கொடையோடு சேர்ந்து வந்த கடப்பாடு. மறுத்தால் தற்காலிக ஆணை இறுதியாகாமலே போகலாம். தேவை தீர்ந்தபின் அரசே இவர்களின் ஆயுதங்களைக் களைந்தது. வெராக்ரூஸ் உழவரிடமிருந்து 1930களின் தொடக்கத்தில் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. அக்காலத்தில் நாட்டின் அரசியலை நடத்திய புளுத்தார்க்கோ எலியாஸ் கயேஸ், நிலப்பகிர்வு தோல்வியுற்றது, அதை முடித்துவிடலாம் என்று 1930இல் வெளிப்படையாகவே கூறினார்.

கார்தெனாஸ் காலமும் லா லகுனாவும்

1934 முதல் 1940 வரை குடியரசுத் தலைவராயிருந்த லாசரோ கார்தெனாஸ் சுமார் 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேர் நிலத்தைப் பகிர்ந்தளித்தார். அவருக்கு முன்னிருந்தோர் அனைவரும் சேர்ந்து அளித்ததைவிட இது மிகுதி. 1940இல் நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி எஹிதோக்களிடம் இருந்தது. இவ்வெண்ணிக்கை அவர் ஒருவரின் பெருந்தன்மையாற் பிறந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. லா லகுனாவின் வரலாறு அதை ஐயுற வைக்கிறது.

கொவாவிலா, துராங்கோ மாநிலங்களின் எல்லையில், நாசாஸ் ஆற்று நீரால் விளையும் பருத்தி நிலம் லா லகுனா. அங்கு வாழ்ந்தோர் பழைய ஊரார் அல்லர். பருத்திக்காகக் குடிவந்த கூலித் தொழிலாளர். பத்திரமும் பெட்டியும் அவர்களிடம் இல்லை, தொழிற்சங்கம் இருந்தது. 1936 ஆகஸ்டில் அவர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். கூலியும் ஒப்பந்தமுமே கோரிக்கை. பண்ணையார் வெளியிலிருந்து கருங்காலிகளைக் கொண்டுவந்தனர். அறுவடை நெருங்கியது. அக்டோபர் 6 அன்று கார்தெனாஸ் நிலத்தையே பகிர்ந்தளிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். தாமே அங்குச் சென்று தங்கினார்; நூற்றுக்கணக்கான பொறியாளரும் மாணவரும் சில வாரங்களில் அளந்து முடித்தனர். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன.

பாசனப் பருத்தி நிலத்தைத் துண்டாடினால் விளைச்சல் குன்றும் என்பதால் கூட்டுறவு எஹிதோக்கள் அமைக்கப்பட்டன. அரசின் எஹிதோ வங்கி கடனும் வித்தும் கருவியும் தந்தது. ஆனால் அவசரத்தின் வடுக்கள் ஆழமானவை. ஒவ்வொரு பண்ணையாரும் தமக்கு 150 ஹெக்டேரை விரும்பிய இடத்தில் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் இருந்தது. அவர்கள் கிணறும் கட்டடமும் உள்ள நடுப்பகுதியைத் தேர்ந்தனர். எஹிதோவுக்கு எஞ்சியது சிதறிய வயல்கள். வெளியூர்க் கருங்காலிகளும் பட்டியலில் சேர்க்கப்பட்டமையால் ஆள்மிகுந்து நிலம் குறைந்தது. கடன் தரும் வங்கியே பயிரையும் விலையையும் முடிவு செய்தது. 1940க்குப் பின் அரசின் போக்கு மாறியபோது, கூட்டு எஹிதோக்களைச் சிறு கடன் குழுக்களாகப் பிரித்ததும் அதே வங்கியே. பழைய பண்ணையாரின் இடத்தில் வங்கி அலுவலர் அமர்ந்தார் என்பது சற்றே கடுமையான கூற்று. ஆயினும் பல ஊர்களின் பட்டறிவு அதற்கு நெருங்கியதே.

1938இல் உருவான தேசிய உழவர் கூட்டமைப்பும் இவ்வாறே இருமுகம் கொண்டது. எஹிதோ உறுப்பினர் அனைவரும் அதில் சேர்ந்தவராகக் கருதப்பட்டனர். அது ஆளுங்கட்சியின் ஓர் உறுப்பாயிற்று. தொழிலாளர் சங்கங்கள் உழவரை அணிதிரட்டுவதைக் கார்தெனாஸ் அனுமதிக்கவில்லை. லா லகுனாவில் வென்றது சங்கப் போராட்டம். அதன் பயனோ சங்கத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது.

சக்கதெபெக் ஆலையும் ருபேன் ஹராமியோவும்

மொரேலோஸில் கார்தெனாஸ் தொடங்கிய சக்கதெபெக் சர்க்கரை ஆலை 1938இல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சபாத்தாவின் பெயர் இடப்பட்டது; உழவர், தொழிலாளர் கூட்டுறவின் உடைமை என்று அறிவிக்கப்பட்டது. இளமையில் சபாத்தாவின் படையில் இருந்த ருபேன் ஹராமியோ அதன் தொடக்கத் தலைவர்களுள் ஒருவர். ஆலையின் மேலாளரை அரசே அமர்த்தியது. கரும்பின் எடையும் விலையும் அவர் சொற்படியாயின. எஹிதோ நிலம் உழவருடையது, ஆனால் ஆலையை விட்டால் அக்கரும்புக்கு வேறு போக்கிடமில்லை. 1942இல் ஆலைத் தொழிலாளரும் கரும்பு உழவரும் இணைந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் கொலை முயற்சிக்கு ஆளான ஹராமியோ ஆயுதம் ஏந்தி மலைக்குச் சென்றார். பின்னர் மன்னிப்புப் பெற்றுத் திரும்பி, கட்சி அமைத்து, 1946இலும் 1952இலும் ஆளுநர் தேர்தலில் நின்றார். மீண்டும் தலைமறைவு, 1958இல் மீண்டும் மன்னிப்பு.

இறுதியாக அவர் கையாண்டது விண்ணப்பமே. மிச்சாப்பா, எல் குவாரின் சமவெளிகளில் புதிய குடியிருப்பு அமைக்க ஆயிரக்கணக்கான உழவர் சார்பாக மனுச்செய்தார். நிலத்துறை முதலில் இசைந்தது, பின்னர்ப் பின்வாங்கியது. உழவர் நிலத்தில் புகுந்தனர், வெளியேற்றப்பட்டனர். 1962 மே 23 அன்று படையினர் ஹராமியோவையும், கருவுற்றிருந்த மனைவி எபிபானியாவையும், மூன்று மகன்களையும் வீட்டிலிருந்து கொண்டுசென்று சோச்சிகால்கோ தொல்லிடத்தருகே சுட்டுக் கொன்றனர். அவரிடம் அப்போது அரசின் மன்னிப்பு ஆவணம் இருந்தது.

அனெனெகுயில்கோவின் ஆவணப் பெட்டியைக் காத்த பிரான்சிஸ்கோ பிராங்கோவும் இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல் கொல்லப்பட்டிருந்தார்.

1992

குடியரசுத் தலைவர் கார்லோஸ் சலினாஸ் அரசு 27ஆம் பிரிவைத் திருத்தியது. திருத்தம் அரசிதழில் வெளியான நாள் 1992 ஜனவரி 6; கப்ரெராவின் சட்டம் பிறந்த அதே நாள், எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து. நிலம் வழங்கும் கடமையிலிருந்து அரசு விடுபட்டது. எஹிதோ நிலத்தை அளந்து சான்றிதழ் தரவும், உறுப்பினர் அவை இசைந்தால் தனியுடைமையாக்கி விற்கவும் வழி பிறந்தது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 30,000 எஹிதோக்களும் பூர்வகுடிச் சமூகங்களும் இருந்தன. விற்பனை உரிமையை வரவேற்ற எஹிதோக்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. கடனுக்கும் நீருக்கும் அலுவலரிடம் கையேந்தி அலுத்தவர்களுக்குச் சான்றிதழ் ஒரு விடுதலையாகவே தோன்றியது.

திருத்தம் கடுமையாகத் தாக்கியது நிலம் பெற்றோரை அன்று, வரிசையில் நின்றோரை. தீர்வு காணாத மனுக்களின் பெரும்பங்கு தென்கோடி மாநிலமான சியாப்பாஸைச் சேர்ந்தது. அங்குப் புரட்சியின் அலை மெலிந்தே எட்டியிருந்தது. பல ஊர்களின் மனு தந்தை காலத்திலிருந்து மகன் காலம்வரை நிலுவையில் இருந்தது. கொடுப்பதை நிறுத்திவிட்டதாகக் கொடையாளர் அறிவித்தபின் அம்மனுக்களுக்குப் பொருளில்லை. 1994 ஜனவரி 1 அன்று சபாத்தாவின் பெயர் தாங்கிய பூர்வகுடிப் படையொன்று அம்மாநிலத்தின் நகரங்களுள் நுழைந்தது. அவ்வியக்கம் வெளியிட்ட நிலச்சட்டம் 27ஆம் பிரிவின் திருத்தத்தை எதிர்த்து, சபாத்தாவின் வழியில் நிலத்துக்கான போராட்டத்தை மீண்டும் கையிலெடுப்பதாகக் கூறியது. அடுத்த மாதங்களில் சியாப்பாஸ் உழவர் பெருமளவு பண்ணை நிலங்களில் புகுந்து உழத் தொடங்கினர். நில உரிமையாளருக்கு விலை கொடுத்து அந்நிலங்களில் பலவற்றை அரசு பின்னர் வாங்கி, அவற்றில் ஏற்கனவே உழுதுகொண்டிருந்தவர்களுக்கு எழுதித் தந்தது.